மதுரைச் சூட்டிலும் உருகாத பனி: தேங்காய் லேயர் கேக் செய்முறை

டிசம்பர் மாதத்திலும் மதுரையில் மத்தியான வெயில் 30 டிகிரியைத் தொட்டுவிடும். வெண்ணெய் உருகுவதோ 32 முதல் 35 டிகிரிக்குள். உருகுவதற்கு வெகு முன்பே குழைந்து வழுக்க ஆரம்பித்துவிடும். குளிர்கால கேக் என்று பட்டர் கிரீமைப் பூசி ஹாலில் கொண்டுபோய் வைத்தால், அரை மணி நேரத்தில் பக்கச் சுவர் தொய்ந்து, மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதற்கு இதுதான் காரணம். பூசினவர் கையில் குறை ஒன்றும் இல்லை. ஊருக்குப் பொருந்தாத பூச்சு அது.

நம்ம ஊருக்கு ஏற்றது முட்டை வெள்ளைக்கரு, சீனி, தண்ணீர் மூன்றையும் சேர்த்துச் சூடாக்கி அடித்த பூச்சு. ஏழு நிமிட ஃப்ராஸ்டிங் என்று பழைய சமையல் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். தேங்காய் கேக்குக்கு இது வெகுகாலமாகப் பூசப்பட்டு வருகிறது. கொழுப்பே இல்லாததால் உருகுவதற்கு அதில் ஒன்றுமில்லை. நிறமும் சுத்த வெள்ளை. கரண்டி முதுகால் இழுத்துவிட்டால் பனி குவிந்த மாதிரி முனை முனையாக நிற்கும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் இந்தப் பூச்சை மனதில் வைத்துப் போட்டவை.

அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்ட மாதிரி கொடைக்கானல். அங்கே பனிமழை பெய்வதில்லை. டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனிதான் படியும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் தாழ்வான புல்வெளியில் வெள்ளை அடர்த்தியாகவும், மேடு ஏற ஏற மெல்லிசாகவும் இருக்கும். கேக்கில் தேங்காய்த் துருவலை ஒட்டும்போது இந்த ஒழுங்கை மறக்காமல் இருந்தால் போதும், பார்த்தவுடனே உறைபனி என்று தெரியும்.

அளவு: 6 அங்குல வட்ட டின் மூன்று. முடிந்த கேக் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும், 12 முதல் 14 பேர் சாப்பிடலாம்.

கேக்குக்கு: மைதா 210 கிராம், சோள மாவு 30 கிராம், சீனி 250 கிராம், பேக்கிங் பவுடர் 8 கிராம் (தட்டையாக 2 டீஸ்பூன்), சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், முட்டை 3 (ஓடு நீக்கி 150 கிராம்), கெட்டித் தேங்காய்ப்பால் 180 மில்லி, புளிக்காத கெட்டித் தயிர் 60 கிராம், உலர்ந்த தேங்காய்ப் பொடி 50 கிராம், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன். உப்பு போட்ட வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம்.

பூரணத்துக்கு: பிரவுன் தோல் படாமல் துருவிய பச்சைத் தேங்காய் 150 கிராம், சீனி 80 கிராம், இரண்டாம் பால் 100 மில்லி, சோள மாவு 8 கிராம், வெண்ணெய் 15 கிராம், ஏலக்காய்ப் பொடி கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

நனைப்பதற்கு: இளநீர் 60 மில்லி, சீனி 30 கிராம்.

பூச்சுக்கு: வெள்ளைக்கரு 100 கிராம் (3 முட்டை), சீனி 220 கிராம், தண்ணீர் 50 மில்லி, கிரீம் ஆஃப் டார்ட்டர் (வெள்ளைக்கரு நுரையை நிற்க வைக்கும் புளிப்புப் பொடி) கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல் அல்லது எலுமிச்சைச் சாறு முக்கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, நிறமில்லாத வெனிலா எசன்ஸ் அரை டீஸ்பூன்.

அலங்காரத்துக்கு: உலர்ந்த தேங்காய்ப் பொடி 120 கிராம், தேங்காய்ச் சீவல் ஒரு கைப்பிடி, ஐஸ்கிரீம் கோன் 3, பச்சை ஜெல் கலர், கருநிறப் பன்னீர் திராட்சை 12 முதல் 15.

டின்களை அளவு பார்த்து வாங்குங்கள். 6 அங்குலம் என்று விற்பவற்றில் சில மேல் விளிம்போடு சேர்த்து 6 அங்குலம் இருக்கும், அடிப்பக்கம் ஐந்தரைதான். மூன்றும் ஒரே அளவாக இல்லாவிட்டால் அடுக்கும்போது படி படியாகத் தெரியும். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் உலர்ந்த தேங்காய்ப் பொடி சில்லறையாகவும் கிடைக்கும், பாக்கெட்டாகவும் கிடைக்கும். எதுவானாலும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். காறல் அடித்தால் வேண்டாம். கேக் வேகும்போது மற்ற வாடை அடங்கும், காறல் மட்டும் கூடும்.

தேங்காய்: எதற்கு எது

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துத் தோப்புத் தேங்காய் நம்ம பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த கேக்குக்கு இரண்டு பெரிய தேங்காய் போதும். நன்றாக முற்றியதாக, ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் சத்தம் கேட்பதாகப் பார்த்து எடுங்கள். இளசாக இருந்தால் பாலில் கொழுப்பு குறைவு, கேக்கில் மணமும் குறைவு.

ஒரு தேங்காயின் துருவல் சுமார் 250 கிராம் வரும். அதோடு வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி ஊற்றி மிக்ஸியில் அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் பிழிந்தால் முதல் பால் 200 மில்லிக்குக் குறையாமல் கிடைக்கும். சக்கையில் இன்னொரு 100 மில்லி விட்டுப் பிழிந்தால் பூரணத்துக்கான இரண்டாம் பால். பச்சைத் தேங்காய்ப்பால் மதுரைச் சூட்டில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். உடனே செய்யாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது மேலே கொழுப்பு கட்டியாக ஏறியிருக்கும், கெட்டுப்போனதாக நினைத்து ஊற்றிவிட வேண்டாம். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும், அவ்வளவுதான். வெளியில் வைத்துக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். சில்லென்று மாவில் ஊற்றினால்தான் தொல்லை: வெண்ணெய் திரிந்து மாவு தயிர் உடைந்த மாதிரி ஆகிவிடும். பாக்கெட் தேங்காய்ப்பாலும் பயன்படுத்தலாம், நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

கேக்கின் வெளிப்புறத்தில் பச்சைத் தேங்காய்த் துருவலை ஒட்டாதீர்கள். பலரும் செய்கிற தவறு இது. அதிலிருந்து கசியும் ஈரம் பூச்சைக் கரைக்கும். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் காலையில் புளிப்பு வாடை. வெளியே போவது உலர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது தேங்காயில் பூரணத்துக்கு எடுத்தது போக மீதிப் பத்தையைப் பீலரால் நீளமாகச் சீவி, தட்டில் பரப்பி, ஓவனில் 100 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் காயவையுங்கள். நடுவில் இரண்டு தடவை புரட்ட வேண்டும். ஓரம் மஞ்சளிக்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். பொன்னிறமான தேங்காய்க்கு ருசி உண்டு, ஆனால் பனி போலத் தெரியாது.

மாவு கலக்குதல்

வெண்ணெயையும் சீனியையும் முதலில் நுரைக்க அடிப்பது வழக்கமான முறை. அதில் வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். குழைந்த வெண்ணெய்க்கு அந்தத் தெம்பு இல்லை. அதனால் வெண்ணெயை நேரே மாவில் சேர்க்கும் தலைகீழ் முறை நமக்கு நல்லது. கேக் மென்மையாக வரும், மேல்பக்கம் கூம்பாமல் சமமாக எழும்பும். அடுக்குவதற்கு மேலே சீவி எறியும் வேலை அநேகமாக இருக்காது.

இந்த முறைக்கும் வெண்ணெய் சற்றுக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு எளிய அடையாளம் இருக்கிறது, தேங்காய் எண்ணெய் பாட்டில். மார்கழி விடியலில் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நின்றால் சமையலறை 24 டிகிரிக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அன்று காலையில் வெண்ணெயை முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்கலாம். எண்ணெய் தண்ணீராக ஓடினால் 20 நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், பளபளவென்று எண்ணெய் மினுங்கக் கூடாது. மினுங்கினால் பத்து நிமிடம் திரும்ப ஃப்ரிட்ஜில்.

முதலில் உலர்ந்த தேங்காய்ப் பொடி 50 கிராமைத் தேங்காய்ப்பாலில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறாமல் போட்டால் வேகும்போது மாவிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், கேக் தொண்டையில் அடைக்கும். பிறகு அதிலேயே முட்டை, தயிர், வெனிலா சேர்த்து அடித்து வையுங்கள்.

சீனியை மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டு ரவை பதத்துக்குப் பொடிக்கவும். நம்ம கடைச் சீனிக்குப் படிகம் பெரிசு, அப்படியே போட்டால் கரையாமல் கேக்கின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். மைதா, சோள மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பைச் சலித்து, சீனியையும் கலந்து, வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்டு பீட்டரைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். புட்டு மாவு பதம் வர வேண்டும்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உலர்ந்த மாவு அங்கங்கே வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் அரை நிமிடம் ஓட்டுங்கள்.

இனி கலக்கி வைத்த திரவத்தில் பாதியை ஊற்றி நடுத்தர வேகத்தில் ஒன்றரை நிமிடம் அடிக்கவும். கேக்குக்குக் கட்டுக்கோப்பு வருவது இந்த ஒன்றரை நிமிடத்தில்தான். குறைத்தால் அடுக்கும்போது உடையும். மீதியை இரண்டு பங்காக ஊற்றி ஒவ்வொரு தடவையும் 20 விநாடி. அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் மைதா இழுபடத் தொடங்கும், கேக்கை வெட்டினால் உள்ளே மேலிருந்து கீழாகப் புழு ஊர்ந்த மாதிரி ஓட்டைகள் இருக்கும்.

மொத்த மாவு 1,080 கிராமுக்கு அருகில் வரும். தராசில் வைத்து டின்னுக்கு 360 கிராம் ஊற்றுங்கள். டின்களுக்கு அடியில் பட்டர் பேப்பர் வைத்து, பக்கத்தில் வெண்ணெய் தடவியிருக்க வேண்டும்.

ஓவன்

170 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு. ஓடிஜியின் (வீட்டு மின்சார ஓவன்) திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். டின் நடுத்தட்டில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 28 முதல் 32 நிமிடம். சின்ன ஓடிஜி என்றால் மேல் கம்பி டின்னுக்கு வெகு பக்கத்தில் இருக்கும், 15 நிமிடத்துக்குப் பிறகு மேலே அலுமினியத் தாள் மூடுங்கள். ஒரே தடவையில் மூன்று டின் கொள்ளாவிட்டால் காத்திருக்கும் மாவு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அரை மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்த டின்னுக்கு மட்டும் இரண்டு மூன்று நிமிடம் கூடப் பிடிக்கும்.

சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டலாம், ஈர மாவு ஒட்டக் கூடாது. நடுவில் குழி விழுந்தால் மூன்று காரணத்தில் ஒன்று: 20 நிமிடத்துக்குள் கதவைத் திறந்தீர்கள், பேக்கிங் பவுடர் கூடிப்போனது, அல்லது வேகாமல் எடுத்தீர்கள். மலை மாதிரி கூம்பி மேலே வெடித்தால் சூடு அதிகம்.

நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் உள்ளிருக்கும் சூடே தாங்கிக்கொள்ளும், போன நேரத்தைக் கூட்டி வேகவிட்டால் சரி. முதல் பத்து நிமிடத்துக்குள் போய், கால் மணி நேரம் வராமல் இருந்தால் அந்த அடுக்கு அமுங்கிவிடும். அதைத் தேற்ற வழியில்லை.

டின்னிலேயே பத்து நிமிடம், பிறகு கம்பித்தட்டில் கவிழ்த்து முழுவதும் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் கிளிங் ஃபிலிமில் சுற்றி வையுங்கள். முந்தின நாள் சுட்டு வைத்தால் மறுநாள் உதிராமல் அடுக்கலாம்.

பூரணம், இளநீர்ப் பாகு

கொழுக்கட்டைப் பூரணம் தெரிந்தவர்களுக்கு இதில் புதிசாக ஒன்றுமில்லை, வெல்லத்துக்குப் பதில் சீனி. இரண்டாம் பாலில் சோள மாவைக் கரைத்து, அடிகனமான வாணலியில் தேங்காய், சீனி, உப்போடு மிதமான தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் கிளறுங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் வாணலியின் அடி இரண்டு விநாடி தெரிந்து பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அது பதம். அப்போது வெண்ணெயும் ஏலக்காயும் சேர்த்து இறக்கவும். அதற்கு மேல் கிளறினால் ஆறியதும் உதிரியாகிவிடும், மேல் அடுக்கு அதன் மேல் வழுக்கும். சுமார் 270 கிராம் வரும். சீனி நிறம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளநீரில் சீனியைப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆறவிடவும். அன்றன்றைக்குச் செய்தது அன்றைக்கே தீர வேண்டும்.

கேக் போர்டில் முதல் அடுக்கை வைத்து, பாகில் மூன்றில் ஒரு பங்கைப் பிரஷால் தடவி, பூரணத்தில் பாதியை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பரப்புங்கள். இரண்டாவது அடுக்கு, அதே மாதிரி. மூன்றாவதைக் கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கத்துச் சமமான முகம் மேலே வரும். விளிம்பில் விட்ட இடைவெளியைப் பிறகு பூச்சு வந்து அடைத்துக்கொள்ளும். அடுக்கியதைச் சுற்றி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூரணத்தில் பாலும் பச்சைத் தேங்காயும் இருப்பதால் தேவைக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது.

பூச்சு

இதில் ஒரு விஷயம் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்: கொழுப்பு துளிகூடப் படக் கூடாது. மஞ்சள் கரு சிந்தக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தேங்காய் கேக்கில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது, உங்கள் கையிலிருந்து. தேங்காய் துருவின கையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அந்த எண்ணெய் பாத்திரத்தின் விளிம்பிலும் பீட்டர் கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நேரம் அடித்தாலும் வெள்ளைக்கரு பால் நுரை மாதிரி தளர்ந்தே இருக்கும். அதனால் கை, பாத்திரம், பீட்டர் மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பாத்திரத்தின் உள்புறம் எலுமிச்சை மூடியால் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம், அதன் கீறல்களில் பழைய எண்ணெய் தங்கியிருக்கும். எவர்சில்வர் நல்லது. முட்டையைச் சில்லென்று இருக்கும்போது பிரியுங்கள், மஞ்சள் கரு உடையாது.

ஒரு சட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் மெல்லக் கொதிக்கட்டும். அதன் மேல், தண்ணீரில் அடி படாமல், வெள்ளைக்கரு, சீனி, தண்ணீர், கிரீம் ஆஃப் டார்ட்டர், உப்பு போட்ட பாத்திரத்தை வைத்து விஸ்க்கால் விடாமல் கலக்குங்கள். 71 டிகிரி வர ஆறேழு நிமிடம் ஆகும். சூடு வருமுன் கை நின்றால் ஓரத்தில் வெள்ளைக்கரு வெந்து திரியும். பச்சை முட்டை பற்றிய பயம் தீர்வதும், சீனி முழுதும் கரைவதும் இந்தச் சூட்டில்தான், ஆகையால் தெர்மாமீட்டர் இல்லாமல் குத்துமதிப்பாக இறக்க வேண்டாம். ஒரு துளியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடக் கூடாது. நெருடினால், கரையாத அந்தச் சீனி பிறகு ஈரத்தை இழுத்து, பூச்சின் மேல் மஞ்சள் முத்து முத்தாகக் கசியும்.

இறக்கி, பீட்டரை முழு வேகத்தில் ஆறிலிருந்து எட்டு நிமிடம். முதலில் சோப்பு நுரை, பிறகு பளபளக்கும் கிரீம், பிறகு பீட்டர் ஓடிய தடம் அழியாமல் நிற்கும். பாத்திரத்தின் அடி வெதுவெதுப்புக்கு வந்து, பீட்டரைத் தூக்கினால் முனை வளையாமல் நிமிர்ந்து நின்றால் போதும். வெனிலாவைச் சேர்த்து நிறுத்துங்கள். பளபளப்புப் போய்ப் பஞ்சு மாதிரி திரள ஆரம்பித்தால் அடித்தது கூடிவிட்டது என்று அர்த்தம்.

இதை வைத்திருந்து பூச முடியாது. 15, 20 நிமிடத்தில் மேலே ஏடு கட்டும். ஏடு கட்டிய பிறகு தேங்காய் ஒட்டாது, உதிர்ந்து போர்டில் விழும். அதனால் டர்ன்டேபிள் (கேக்கைச் சுழற்றும் தட்டு), கத்தி, தேங்காய், பூச்சைப் பிழியும் பைப்பிங் பை எல்லாம் தயாராக இருந்த பிறகுதான் அடிக்கத் தொடங்க வேண்டும். கேக் அடுக்கை ஃப்ரிட்ஜிலிருந்து முக்கால் மணி நேரம் முன்பே எடுத்து, வியர்த்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தலை காட்டும். மழை பிடித்த நாளில் காற்றிலுள்ள ஈரத்தைச் சீனி இழுத்துக்கொள்ளும், பூச்சு பிசுபிசுப்பாகவே இருக்கும். அன்றைக்குப் பூச்சுக்கான தண்ணீரை 40 மில்லியாகக் குறைத்து, பரிமாறும் நேரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் பூச முடியுமோ அப்படிப் பூசுங்கள்.

முட்டை சேராத வீடுகளில் நான்-டெய்ரி விப்பிங் கிரீம்தான் மாற்று. அது கொழுப்பு, ஆகவே கிரீம், பாத்திரம், பீட்டர் எல்லாம் சில்லென்று இருக்க வேண்டும். வெட்டும் நேரம் வரை கேக் ஃப்ரிட்ஜை விட்டு வரக் கூடாது. உள்ளே இருக்கும் கேக்குக்கு முட்டையில்லாத செய்முறையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், இந்த அளவில் முட்டையை மட்டும் நீக்கினால் நிற்காது.

உறைபனி படிய வைத்தல்

பூச்சில் கால் பங்கை எடுத்துப் பச்சை ஜெல் கலர் ஒரு குச்சி நுனியளவு கலந்து, நட்சத்திர நாசில் போட்ட பையில் அடைத்து வாயை முறுக்கி வையுங்கள். பைக்குள் இருக்கும்வரை ஏடு கட்டாது. எண்ணெயில் கரைத்த சாக்லெட் கலரைப் போட்டால் வெள்ளைக்கரு உடனே தளர்ந்துவிடும், தண்ணீர்க் கலரும் நீர்க்க வைக்கும். ஜெல் மட்டும்.

மீதியை முதலில் மெல்லிசாக இடைவெளிகளை அடைத்துத் தடவி, உடனே அதன் மேல் தடிமனாகப் பூசுங்கள். பக்கவாட்டைச் சமமாக்கினால் போதும். மேல்பக்கத்தை வழவழப்பாக்க மெனக்கெட வேண்டாம். கரண்டி முதுகை வைத்து வெடுக்கென்று தூக்கினால் முனை எழும்பும், அதுதான் அழகு.

கேக்குக்கு அடியில் பெரிய தாம்பாளம் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் தேங்காய்ப் பொடியை ஏந்தி, அடிப்பாகத்திலிருந்து மேல்நோக்கி லேசாக அழுத்துங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சு தெரியாத அளவு அடர்த்தி. அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உச்சி விளிம்பில் பூச்சு வெறுமையாகத் தெரியும்படி விட்டுவிடுங்கள். அடி விளிம்பைச் சுற்றிச் சீவல்களை ஒழுங்கில்லாமல் சொருகினால் பனி பிடித்த புல் மாதிரி நிற்கும்.

பைன் மரங்களுக்கு ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். முழுக் கோன் இந்தக் கேக்குக்கு உயரம் கூடுதல். வாய்ப்பக்கத்திலிருந்து பல் கத்தியால் மெதுவாக அறுத்து 6, 7, 9 சென்டிமீட்டர் என மூன்று உயரமாக ஆக்குங்கள். அழுத்தி வெட்டினால் நொறுங்கும். அடியிலிருந்து மேலே, சின்னச் சின்ன இழுப்பாகப் பச்சைப் பூச்சைப் பிழிந்துகொண்டே போனால் கீழ் வரிசையை மேல் வரிசை மூடிக்கொள்ளும். முடிந்ததும் தேங்காய்ப் பொடியைச் சல்லடையில் போட்டு, நேர் மேலிருந்து தட்டுங்கள். பக்கத்திலிருந்து தூவினால் மரம் முழுதும் வெள்ளையாகிவிடும். உறைபனி இலையின் மேல்முகத்தில்தான் படியும், அடியில் பச்சை தெரிய வேண்டும். மூன்று மரத்தையும் நட்டநடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக, நெருக்கமாக வையுங்கள். சவுக்குக் கிளையை ஒடித்துச் சொருகுகிற வழக்கம் இருக்கிறது. வீட்டு மூலையில் கிறிஸ்துமஸ் மரமாக நிற்க அது சரி, சாப்பிடும் பண்டத்தின் மேல் வேண்டாம்.

மரத்தடியில் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கக் கிடைக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அந்தக் கருநீலத்துக்கு மேல் வெள்ளை படிந்தால் குளிர் தெரியும். காம்போடு கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, பூச்சு ஒரு ஸ்பூனில் சில துளி தண்ணீர் விட்டு நெகிழ்த்தி பிரஷால் தடவி, பொடித்த சீனியில் உருட்டி, ஃபேனுக்கு அடியில் இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். கேக் மேல் வெட்டுவதற்குச் சற்று முன் வைத்தால் போதும். ஐசிங் சீனியைப் பனிக்காகத் தூவும் ஆசை இருந்தால் அதுவும் கடைசி நிமிடத்தில்தான். முன்பே தூவினால் ஒரு மணி நேரத்தில் ஈரம் குடித்து மறைந்துவிடும்.

நேரக் கணக்கு

கிறிஸ்துமஸ் நள்ளிரவுக்கு என்றால் இப்படி: 23 சாயங்காலம் மூன்று அடுக்கையும் சுட்டுச் சுற்றி வையுங்கள், சீவலையும் காயவைத்துவிடுங்கள். 24 மத்தியானம் பூரணம், இளநீர்ப் பாகு, அடுக்குதல், ஃப்ரிட்ஜ். இரவு எட்டேகாலுக்கு வெளியே எடுத்து, ஒன்பதுக்குப் பூச்சு அடிக்கத் தொடங்கினால் பத்துக்குள் மரம் உட்பட முடிந்துவிடும். கீழவெளி வீதி தூய மரியன்னை பேராலயத்திலோ உங்கள் பங்கு ஆலயத்திலோ நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் வெட்டலாம். ஃப்ரிட்ஜை விட்டு எடுத்ததிலிருந்து நான்கைந்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு மேல் வெளியே இருக்கும் என்று தெரிந்தால் பூரணத்தை விட்டுவிட்டு, அடுக்குகளுக்கு நடுவிலும் வெள்ளைப் பூச்சையே தடவி உலர்ந்த தேங்காய்ப் பொடி தூவுங்கள். அதற்கு வெள்ளைக்கருவை 130 கிராமாகவும் மற்றதை அதே விகிதத்திலும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பூசிய கேக்கை திரும்ப ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் கடைசியாக நடக்கும் தவறு. வெளியே எடுத்ததும் வியர்த்து, பூச்சு போர்டில் வழியும்.

நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்ப முக்குங்கள், இல்லாவிட்டால் பூச்சு கத்தியோடு இழுபட்டு வரும். மீந்ததை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். பூச்சு சுருங்கியிருக்கும், ருசி குறையாது. அரை மணி நேரம் வெளியே வைத்துச் சாப்பிடுங்கள், உறைந்த தேங்காய்க் கொழுப்பு நெகிழ்ந்து கேக் மறுபடி பஞ்சாகும். பைன் மரங்களை மட்டும் மீதம் வைக்காதீர்கள். காலைக்குள் கோன் நமத்துவிடும், அன்றிரவே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.